கதவில்லாத வீட்டில் ஒரு வளைகாப்பு

எங்கள் வீட்டில் அப்போது கதவு உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். அது குளியலறை. மற்றபடி நடுவீடு, அடுக்களை, படுக்கை எல்லாம் ஒரே வெளி. இதை என் கணவர் பெருமையாகச் சொல்வார். நான் புகாராகச் சொல்வேன்.

சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் இருந்த பழைய பருத்திக் குடோன் அது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் என்பார்கள். இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், இரும்புத் தூண்கள், கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத தேக்கு உத்தரங்கள், மேலே ஓடு. ஒரு காலத்தில் சுற்றுப்பட்டுக் கரிசல் காட்டுப் பருத்தியெல்லாம் இங்கே வந்து அடைந்து, பொதியாகி மில்லுக்குப் போனதாம். பிறகு உர மூட்டை அடுக்கினார்கள். அதற்குப் பிறகு ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கடை போட வருகிறவர்கள் சாமான் வைக்க மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். கடைசியில் வௌவால்கள்தான். என் கணவர் வீட்டில் சொத்து பிரித்தபோது அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ள, யாருக்கும் வேண்டாத குடோன் இவர் பங்குக்கு வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதரிடம் ஒரு செல்போனைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீடுதான் சாட்சி. வெளிநாட்டில் யாரோ பழைய கிட்டங்கியை வீடாக மாற்றிக் குடியிருக்கும் வீடியோ ஒன்றை இவர் பார்த்துவிட்டார். அதற்கு லாஃப்ட் என்று பெயராம். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் லாஃப்ட், பல் தேய்க்கும்போதும் லாஃப்ட். மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். அந்தப் பையன் குடோனுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்து, “சார், இது பொக்கிஷம் சார்” என்றான். அதோடு என் பேச்சு எடுபடாமல் போயிற்று.

குடோனின் பாதி நீளத்துக்கு மரப்பலகையில் ஒரு மச்சு போட்டார்கள். அதன்மேல் எங்கள் கட்டில், பீரோ, இவர் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஒரு நாற்காலி. விழாமலிருக்க இடுப்பளவு கம்பி. ஏறி இறங்க இரும்புப் படி. மச்சுக்கு அடியில் அடுக்களை. மீதிப் பாதி ஓடு வரைக்கும் வெட்டவெளி. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அடுக்களைக்கு ஒரு சுவரும் கதவும் வேண்டும் என்றேன். “சுவர் வச்சா அந்த ஸ்பேஸ் செத்துப்போயிரும் மேடம்” என்றான் இன்ஜினியர். செத்தால் சாகட்டும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அடுக்களைக் கதவு எதற்கு என்று ஆண்களுக்குச் சொன்னால் புரியாது. அதற்குமுன் இருபத்தாறு வருஷம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சிறிய வீடுதான். ஆனால் அடுக்களைக்குக் கதவு உண்டு. வந்த விருந்தாளிகளை நடுவீட்டில் சிரித்த முகத்தோடு உட்கார வைத்துவிட்டு, காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய், கதவை ஒருக்களித்துவிட்டு, அவர்களைப் பற்றி மனதில் உள்ளதையெல்லாம் அக்காவிடமோ அடுத்த வீட்டுக்காரியிடமோ கொட்டிவிட்டு, மறுபடியும் சிரித்த முகத்தோடு காப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் அம்மா அப்படித்தான் செய்தாள். என் அக்கா இன்றைக்கும் அப்படித்தான். இட்லிச் சட்டியில் ஆவி போக ஓட்டை இருப்பதுபோலத்தான் அது. யார் மனதும் நோகாது, நம் வயிறும் எரியாது. அதிலும் நான் கணக்கு டீச்சராக இருந்தவள். பனவடலிசத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுவரை கேட்க வேண்டும் என்று முப்பது வருஷம் பேசிப் பேசி வளர்த்த குரல். ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

குடி வந்த புதிதில் ஊரே பார்க்க வந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற ஒருவர் மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. லோடு எப்ப வருது?” என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எங்களுக்கு ஒரே மகள். கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மாசமானாள். எங்கள் வழக்கப்படி ஏழாம் மாதம் வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். நாங்கள் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணை அழைத்து வந்துவிடுவோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அந்தக் குழந்தை பிறந்து மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும் வரை அவள் என் பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். வெளிப்படையாகவே சொல்கிறேன், பேரப்பிள்ளைக்காகக்கூட அல்ல. என் மகள் மறுபடியும் என் கையால் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் தூங்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

இவருக்கோ வீட்டைக் காட்ட வேண்டும். “வளைகாப்ப நம்ம வீட்டுலயே வச்சிருவோம். அவ்வளவு சனமும் ஒரே இடத்துல உக்காரலாம்லா” என்றார். ஊரில் இல்லாத வழக்கமாக இருக்கிறதே, சம்பந்திக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்துகொண்டுதான் போன் செய்தேன். சம்பந்தியம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எங்க வச்சா என்ன மதினி. நாங்க கூட்டிட்டு வாரோம். அப்படியே பிள்ளைய அங்கனயே விட்டுட்டு வந்துருதோம்” என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு. மெதுவாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் அவரிடம் குறை என்று சொல்ல எதுவும் கிடையாது. கல்யாணப் பட்டு எடுக்கப் போன அன்று பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தன் கதையைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டு குழந்தைகள். ஒன்று எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து நாற்பது நாள் இருந்து போயிற்று. “இத நான் யார்கிட்டயும் பேசுறதில்ல மதினி. நீங்க இனிமே நம்ம வீட்டாளு, அதான்” என்றார். நானும் கண் கலங்கினேன். அது உண்மையான கண்ணீர்தான்.

வளைகாப்பு அன்று காலையிலேயே வேனில் வந்து இறங்கினார்கள். மகளின் பெட்டி வேனின் பின்பக்கம் இருப்பதைப் பார்த்தேன். இனி அவள் என்னோடுதான் என்று மனது நிறைந்தது. ஏழு வகைச் சோறு நான் விடியலிலேயே எழுந்து கிண்டி வைத்திருந்தேன். அக்கா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கூடமாட நின்றாள். சம்பந்தியம்மாளும் ஒரு தூக்குவாளி கொண்டு வந்திருந்தார். “பிள்ளைக்கு இந்தப் புளியோதரைன்னா உசுரு. அதான் கொஞ்சமா” என்றார்.

என் மகள் என் சோற்றையெல்லாம் ஒவ்வொரு வாய் எடுத்துவைத்துவிட்டு, அந்தத் தூக்குவாளியைத் திறந்து இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். “அத்தை வச்சா தனி ருசிம்மா” என்று என்னிடமே சொன்னாள். கேவலம் ஒரு புளியோதரை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது அந்தத் தூக்குவாளியைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

இவர் சம்பந்தியம்மாளை மச்சுக்கு அழைத்துப்போய் உத்தரத்தையும் ஓட்டுக் கூரையையும் காட்டினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் வருகிற சத்தம் கேட்டு இவர் இறங்கிப் போனார். பின்னாலேயே சம்பந்தியம்மாளும் இறங்கிப் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர் முழங்கால் வலிக்கு மேலேயே எங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் அடுக்களையில் இருந்தேன். பக்கத்தில் அக்கா வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். இல்லாத கதவை ஒருக்களித்துவிட்டதாக என் மனது நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

“முதல் வளையல் யாரு போடுதா?” என்று அக்கா கேட்டாள்.

“வழக்கம் மாமியாதான். என்னத்தச் சொல்ல? ரெண்டு பிள்ளையத் தூக்கிக் கொடுத்த கை. அந்தக் கைதான் எம் பிள்ளைக்கு முதல் வளையல் போடணுமாம். எனக்கு நெஞ்செல்லாம் பதறுது” என்றேன்.

“ஏட்டி, மெதுவாப் பேசு” என்றாள் அக்கா.

“யாருக்குக் கேக்கும்? பெத்தபெறகு கூட்டிட்டுப் போயி, பொறந்த பிள்ளைய அந்தக் கை தொடாம இருந்தாலே போதும்னு இருக்கு எனக்கு” என்றேன்.

மச்சில் பேசுவது கீழே கேட்கும் என்பது எனக்குத் தெரியும். இவர் போனில் பேசுவதையெல்லாம் அடுக்களையில் நின்று கேட்டிருக்கிறேன். கீழே பேசுவது மேலே கேட்குமா என்று நான் யோசித்ததே இல்லை. நான் மச்சில் இருக்கும்போது அடுக்களையில் பேச யார் இருந்தார்கள்? பலகைக்கு நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அழகுக்காக விட்டது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தான்.

இரும்புப் படியில் காலடி கேட்டது. சம்பந்தியம்மாள் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “மதினி, இலைய நான் கழுவட்டுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அத்தனை இலையையும் அவரே கழுவி அடுக்கினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாம்பாரைப் பார்த்தேன். கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நடுவில் மணை போட்டு மகளை உட்கார வைத்தோம். வேப்பங்கொழுந்தை வளைத்துச் செய்த காப்பும் தட்டு நிறைய கண்ணாடி வளையலும் தயாராக இருந்தன. “மாமியா வாங்க, முதல் வளையல் போடுங்க” என்று பெண்கள் கூப்பிட்டார்கள். சம்பந்தியம்மாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, “அவ அம்மையே போடட்டும். பெத்த கைதான் ராசி” என்றார். என்ன பெருந்தன்மை பார் என்று கூட்டம் பேசிக்கொண்டது. மகள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நான் வேப்பிலைக் காப்பை எடுத்தேன். அது இரண்டு தடவை நழுவியது. அவர் காதில் விழுந்திருக்கிறது என்று புரிந்து என் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று யாரோ சொன்னார்கள்.

எல்லாரும் வளையல் போட்டார்கள். அவர் மட்டும் போடவில்லை. கூட்டத்தில் அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மாள் என் கணவரிடம் போய் நின்றார். “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. வீடு அரண்மனை கணக்கா இருக்கு. ஆனா படி செங்குத்தா இருக்கு. கதவும் இல்ல. பிள்ளத்தாச்சிக்கு ஒரு மறைவு வேணும்லா? அங்கன டாக்டரம்மாவும் பக்கத்துல இருக்காவ. பிரசவம் வரைக்கும் பிள்ளை எங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. இதில் பாதியை இன்ஜினியரிடம் நானே சொல்லியிருக்கிறேன். இவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. மகள், “என்னம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீங்க?” என்றாள். உன் உடம்புக்கு எது நல்லதோ அதைச் செய் என்றேன். பெட்டியைக் கீழே இறக்காமலேயே வேன் திரும்பிப் போயிற்று.

“பகல்ல பக்கம் பாத்துப் பேசுன்னு சும்மாவா சொன்னாவ” என்றாள் அக்கா. அவளும் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கணவர் கதவும் படியும்தான் காரணம் என்று நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், நான் சொன்னால்தானே தெரியும். மறுநாளே ஆசாரியை வரவழைத்து, கீழே ஒரு மூலையில் ப்ளைவுட்டால் அறை கட்ட ஆரம்பித்துவிட்டார். தன் ஸ்பேஸைத் தானே கொன்றார். பாவம், நிஜமாகவே மகளுக்காக அந்த வீட்டை வெட்டினார். அறைக்குக் கதவு, தாழ்ப்பாள், பக்கத்தில் தொட்டில் கட்டக் கொக்கி எல்லாம் வைத்து, போட்டோ எடுத்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். “ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி” என்று பதில் வந்தது. பிறகு சத்தமே இல்லை. “இன்னும் என்னதான் செய்யணுங்காவ?” என்று என்னிடம் கேட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இளையரசனேந்தல் வழியாகப் போகிற பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கிளம்பினேன். காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ் முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். பாடம் எடுக்கப் போகும்போதுகூட நான் அப்படித் தயார் செய்ததில்லை. அவர் வாசலுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டார். காராச்சேவு, காப்பி, பிறகு சாப்பாடு. மகள் கூடவே இருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் ஆரம்பித்தேன்.

“மதினி, அன்னைக்கு அடுக்களையில நான் ஒரு வார்த்தை...”

“அன்னைக்கு நீங்க வச்ச அவியல எங்க வீட்டுல இன்னும் சொல்லுதாவ மதினி” என்றார்.

“இல்ல மதினி, நான் சொன்னது ரொம்பத் தப்பு. வாயில வரக்கூடாத பேச்சு.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல மதினி. நான் மேல காத்தாட உக்காந்திருந்தேன்” என்றார். சொல்லிவிட்டு என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கேட்டதா என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்கிறவரின் காலில் எப்படி விழுவது? சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, சமாதானம் ஆகியிருப்பேன். அதுதான் எனக்குத் தெரிந்த வழி. அவர் அந்த வழியை எனக்குத் தரவில்லை. தர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மகளின் தலையைத் துவட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிரசவம் அங்கேதான் ஆயிற்று. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவும் நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டு வரவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. யார் வாங்குகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். எல்லாரும் சம்பந்தியம்மாளைப் பார்த்தார்கள். அவர் ஒரு எட்டு பின்னால் வைத்து, “மதினி, நீங்க வாங்குங்க” என்றார். நான் வாங்கினேன். அந்தச் சூடு கையில் பட்டதும் எனக்கு அழுகை பொங்கியது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய மனது இருக்கிற மனுஷியையா அப்படிச் சொன்னோம் என்று நினைத்தேன். ஊருக்குத் திரும்பியதும் அக்காவுக்குப் போன் போட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூடச் சொன்னேன்.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் நான் பூ மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள், பால் குடிக்கிறாளா என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, அத்தை பிள்ளையத் தூக்கவே மாட்டேங்காவம்மா.”

“என்ன சொல்லுத?”

“நெசமாத்தாம்மா. எனக்குப் பத்தியச் சாப்பாடு செய்யுதாவ, பிள்ளத் துணியெல்லாம் அலசுதாவ, வெந்நி போட்டுத் தாராவ. குளிப்பாட்ட மட்டும் ஒரு அம்மாவ வரச் சொல்லியிருக்காவ. தொட்டில ஆட்டுனாக்கூடக் கயிறு கட்டித் தள்ளி நின்னு இழுக்காவ. பிள்ளை வீறிட்டு அழுதாலும் பக்கத்துல நின்னு என்னயத்தான் கூப்புடுதாவ. நேத்து நான் பிள்ளைய நீட்டுனேன், கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டாவம்மா. பொம்பளப் பிள்ளைன்னு புடிக்கலையோ?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு மல்லிகைக் கூடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். உண்மையைச் சொன்னால் என் மகள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க அந்த மனுஷியைத் தப்பாக நினைப்பாள்.

“அப்படியெல்லாம் இருக்காது மக்கா. கை வலியாயிருக்கும். வயசாகுதுல்லா” என்றேன்.

அவள் நம்பவில்லை. “எனக்குக் கேக்கப் பயமா இருக்கும்மா. நீங்களாவது அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க” என்றாள்.

பேசுகிறேன் என்றேன்.